கொம்பு இடம் மாறிய கதை: முதல் சிறார் நூலில் நான் இழந்த 78,186 ரூபாய்

பாப்பாரப்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் என் தந்தையார் கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலகம் என்பது எங்கள் வீட்டுத் திண்ணையும் ஒரு மரப்பெட்டியும்தான். ஊரில் நான்கு வீடுகளுக்குச் சிறார் இதழ்கள் சந்தாவில் வரும். அவற்றின் சுற்றுத்தாள் இரு முனையிலும் திறந்தே இருக்கும் என்பதால், கிழியாமல் இதழை உருவியெடுத்துப் படித்துவிட்டு, மாலையில் தந்தையார் மிதிவண்டியை எடுப்பதற்குள் பழையபடி செருகி வைத்துவிடுவேன். அவருக்கு அது தெரியும். "சோத்துக் கையோட தொடாதே" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை. தருமபுரிக்குப் போனால் சோவியத் நாட்டில் அச்சான தமிழ்ச் சிறார் நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் விற்பனையில் வாங்கித் தருவார். வழவழப்பான தாள், பக்கம் நிறைய வண்ணம், விலையோ ஒரு வேளைச் சிற்றுண்டிக்கான காசு. சிறுவர் நூல் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் அன்றே மனத்தில் பதிந்துவிட்டது. அந்த விலை ஓர் அரசாங்கம் மானியம் கொடுத்ததால் வந்த விலை என்பதும், எனக்கு மானியம் தர எவரும் இல்லை என்பதும் புரிய நாற்பது வயது கடக்கவேண்டியிருந்தது.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். மாம்பழப் பருவத்தில் இரவு பத்து மணி வரை வேலை இருக்கும். பருவம் முடிந்தால் மாலைகள் ஓய்வாகக் கிடைக்கும். 2021ஆம் ஆண்டு அப்படிக் கிடைத்த மாலைகளில்தான் ஒரு கதையை எழுதினேன். ராகிக் கொல்லையில் பரண் கட்டிக் காவல் இருக்கும் ஒரு பாட்டியும், தாயைப் பிரிந்து கொல்லைக்குள் புகுந்துவிடும் ஒரு யானைக் குட்டியும்தான் கதை. கதிர் முற்றும் மாதங்களில் பன்னார்கட்டா பக்கமிருந்து ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு யானைகள் வருவது எங்கள் பகுதியில் எல்லாரும் அறிந்த செய்தி. என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பரண்மேல் தகரம் தட்டியவர். கதையை என் மகளுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். அவள் நன்றாக இருக்கிறது என்றாள். பெற்ற மகள் வேறு என்ன சொல்வாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எழுதுகிறவர்கள் எவரையும் நான் அறிந்திருக்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. தருமபுரியிலும் ஓசூரிலும் புத்தகத் திருவிழாக்களுக்குப் போய் வந்தவள்தான். இரண்டு மேசை அளவு அரங்குகளில் தாங்களே அச்சிட்ட நூல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தவள்தான். ஒருவரிடமும் வாய் திறந்து கேட்டதில்லை. மாங்கூழ்க் கணக்கு எழுதுகிறவளுக்குக் கதை எதற்கு என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலையைத்தான் தலைப்பில் எழுதியிருக்கிறேன்.

கேட்க ஆளில்லாதவளுக்குக் கைப்பேசி விளம்பரம் வந்து சேர்ந்தது. "உங்கள் கதையை நூலாக்குங்கள்" என்று ஒரு நகரத்து நிறுவனம் அழைத்தது. பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். கதையைப் படித்துக் கண் கலங்கியதாகச் சொன்னார். 500 படிகள், 32 பக்கங்கள், முழுவதும் வண்ணம், பளபளப்பான தாள், நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண், இணையக் கடையில் விற்பனை, அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணைக்கு வழிகாட்டல், எல்லாவற்றுக்குமாக ரூ.68,000. ஓவியம் தனி. படத்துக்கு ரூ.1,500 வீதம் பன்னிரண்டு படங்களுக்கு ரூ.18,000 ஆயிற்று. என் சங்கிலியை வங்கியில் வைத்து ரூ.60,000 கடன் எடுத்தேன். கணவரிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஆனால் கேள்வியும் கேட்டிருப்பார்.

இந்த இடத்தில் நிறுத்தி, அன்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழங்குகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. எழுத்தாளர் தானே வெளியிடுவதாக இருந்தால் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். என் ரசீதில் ரூ.68,000க்குள் அந்த எண்ணுக்கென்று ரூ.3,000 எனப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். பணத்தைவிடப் பெரிய சிக்கல், எண் அவர்கள் பெயரில் பதிவானது. பின்னால் நான் வேறு வழியில் வெளியிட்டால் புதிய எண் வாங்கவேண்டும். நூலக ஆணையைப் பொறுத்தவரை, நூல்களைத் தேர்ந்தெடுப்பது அரசின் தேர்வுக் குழு. ஆணை கிடைத்துவிடும் என்று ஒரு வெளியீட்டாளர் முன்கூட்டியே உறுதி கூறினால், அவர் தம்மிடம் இல்லாத பொருளை விற்கிறார் என்றே கொள்ளவேண்டும். வெளியிட்ட நூலின் படியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்பவேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அது வெளியீட்டாளர் கடமை. என் நூலுக்கு அதை எவரும் செய்யவில்லை என்று பின்னர்தான் அறிந்தேன்.

ஒப்பந்தம் ஒன்பது பக்கம், ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு மாங்காய் லாரியின் எடைச்சீட்டை மூன்று முறை சரிபார்க்கும் நான், அதைக் கடைசிப் பக்கத்தில் மட்டும் பார்த்துக் கையொப்பமிட்டேன். அச்சு, மின்னூல், மொழிபெயர்ப்பு ஆகிய எல்லா உரிமைகளும் ஐந்து ஆண்டுகளுக்கு அவர்களுக்கே என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. பணம் போடுகிறவர் நாம் என்றால் உரிமையை ஏன் தரவேண்டும் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. காலம் எழுதாமல் விட்டிருந்தாலும் நான் தப்பியிருக்க மாட்டேன். பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். வெற்றிடமாக விட்ட வரிக்கும் பொருள் உண்டு. ஓவியருடன் எனக்கு ஒப்பந்தமே இல்லை. படங்களை மறுபதிப்பில் பயன்படுத்தலாமா என்பதைப் பின்னர் அவரிடம் நயந்து பேசித்தான் எழுதி வாங்கினேன். அவர் நல்லவர் என்பதால் தப்பித்தேன்.

நூல் 2022 மார்ச்சில் வந்தது. லாரி வாடகை ரூ.1,400, பத்துப் பெட்டிகள். முதல் பெட்டியைப் பிரித்தபோது வந்த புது மையின் மணத்தை இன்றும் மறக்கமுடியவில்லை. பூசைக்கு வைத்துவிட்டு, எதிர்வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையனைக் கூப்பிட்டு மடியில் வைத்துப் படிக்கச் சொன்னேன். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவத்தில் இருந்தான். மூன்றாம் பக்கத்தில் யானைக் குட்டி பேசும் இடத்தில் நின்றுவிட்டான். மறுபடியும் முயன்றான். பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, இது தமிழ் இல்ல" என்றான். குனிந்து பார்த்தேன். பேச்சுக் குமிழிக்குள் இருந்த சொற்களில் எல்லாம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றிருந்தன. கொல்லை என்ற சொல் படிக்க முடியாத ஏதோ ஒன்றாகியிருந்தது. அப்படிப் பதினேழு இடங்கள். எழுத்துக் கற்கும் குழந்தைக்கென்று ஒரு நூலைச் செய்து, அதில் எழுத்தையே தவறாகக் கொடுத்திருந்தேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

காரணம் எளியது. பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஒருங்குறியில் (யூனிகோடில்) உள்ள தமிழின் கொம்புகள் இடம் மாறிவிடும். கதைப் பகுதியைச் செய்தவர் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். குமிழிகளைக் கடைசி நேரத்தில் வேறு கணினியில் செய்தவர் தேர்ந்தெடுக்கவில்லை. அச்சுக்கு முன் பிழை பார்ப்பதற்காக எனக்கு வந்த மெய்ப்பில் குமிழிகள் காலியாகவே இருந்தன. "அதை நாங்கள் நிரப்பிவிடுவோம்" என்றார்கள், சரி என்றேன். மெய்ப்பையும் கைப்பேசியில் பார்த்தேன். ஆகவே, புதிதாக வருகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது: அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பைத் தாளில் எடுத்துப் பாருங்கள், பக்கத்துக்குச் சில ரூபாய்தான் ஆகும். அதைக் கதை தெரியாத ஒரு குழந்தையிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நமக்குக் கதை மனப்பாடம் என்பதால் நம் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். ஒப்புதல் கொடுத்த பிறகு ஒரு புள்ளி மாறினாலும் மறுபடி மெய்ப்பு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படங்களில் இருந்த குற்றம் என் குற்றம். ஓவியர் கடற்கரை நகரத்துக்காரர். ராகிக் கொல்லையைப் பார்த்ததில்லை. தண்ணீர் கட்டிய வயலில் நெற்கதிர் சாய்ந்திருப்பதுபோல வரைந்திருந்தார். மானாவாரிப் புழுதியில் விரல் மடக்கியதுபோல நிற்கும் ராகிக் கதிர் ஒன்றுகூட நூலில் இல்லை. நான் அழகில் மயங்கிச் சரியென்று சொல்லிவிட்டேன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊரில் ஒரு பள்ளியில் நூலைக் காட்டியபோது, முதல் பக்கத்திலேயே "இது நெல்லு" என்று நான்கைந்து குரல்கள் எழுந்தன. அடுத்த பக்கத்தில் ஒரு சிறுமி, "அம்மா யானைக்கு ஏன் தந்தம் இருக்கு?" என்றாள். நம் காட்டுப் பெண் யானைக்கு வெளியே நீண்ட தந்தம் இருப்பதில்லை என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. ஓவியருக்குக் கதையை மட்டும் அனுப்பினால் போதாது. கதிர், பரண், பாட்டி கட்டும் சேலைக்கட்டு எல்லாவற்றையும் நிழற்படமாக எடுத்து அனுப்பவேண்டும். பத்து நிமிட வேலை அது.

இதற்கிடையில் நிறுவனம் ஒரு விருதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் ரூ.5,000 கேட்டது. கட்டினேன். சால்வையும் கண்ணாடிக் கேடயமும் கூரியரில் வந்தன. சிரிப்பதற்கும் எனக்கு உரிமை இல்லை. அன்று அதை மகிழ்ச்சியோடு கூடத்தில் மாட்டினேன்.

இனிக் கணக்கு. ரூ.68,000ஐ 500ஆல் வகுத்தால் ஒரு படிக்கு ரூ.136. அவர்கள் அச்சிட்ட விலை ரூ.220. கடையில் விற்றால் 40 விழுக்காடு கழிவு போக என் கைக்கு வருவது ரூ.132. அதாவது, ஓவியருக்குக் கொடுத்ததைச் சேர்க்காமலேயே, கடையில் விற்கும் ஒவ்வொரு படிக்கும் எனக்கு நான்கு ரூபாய் நட்டம். 500 படியும் விற்றுத் தீர்ந்தாலும் நட்டமே. இந்த வகுத்தலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும். தொழில்முறைக் கணக்கரான நான் பணம் கட்டிய எட்டாவது மாதத்தில் செய்தேன். இரண்டு ஆண்டில் கடைவழி 52 படிகளும், உறவினர், உடன் வேலை செய்கிறவர்கள் வழியாகச் சராசரி ரூ.150க்கு 91 படிகளும் விற்றன. வரவு ரூ.20,514. செலவு, நகைக் கடன் வட்டி ரூ.6,300 சேர்த்து, ரூ.98,700. மீதியைத் தலைப்பில் பார்க்கலாம். இலவசமாகக் கொடுத்தவை 95. தரையோடு வைத்த பெட்டிகளில் 62 படிகளைச் செல் அரித்துவிட்டது. புத்தகப் பெட்டியை ஒருபோதும் தரையில் வைக்காதீர்கள். செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாங்காய்க் கூடைகளுக்கு நாங்கள் தினமும் செய்வதுதான் அது.

தகடூர் புத்தகப் பேரவையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து தருமபுரியில் நடத்தும் புத்தகத் திருவிழாவில், தெரிந்தவர் ஒருவரின் அரங்கில் என் நூலை ஒரு மூலையில் வைக்க இடம் கிடைத்தது. அத்தனை நாளில் பதினொரு படிகள் விற்றன. குழந்தைகள் எடுப்பார்கள், புரட்டுவார்கள். பெற்றோர் விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பார்கள். கடைசி நாளுக்கு முந்தைய மாலை, எதிர் அரங்கிலிருந்த ஓர் அம்மையார் வந்து என் நூலை எடுத்தார். அவரும் கணவரும் ஓசூர்ப் பக்கத்தில் சிறிய அளவில் சிறார் நூல்கள் வெளியிடுகிறவர்கள். நின்றபடியே 32 பக்கங்களையும் படித்தார். மூடி வைத்துவிட்டு, "கதை நல்லா இருக்கும்மா. ஆனா இதைப் பண்ணுனவங்க யாரும் படிக்கவே இல்ல" என்றார். ஓராண்டாக எவரிடமும் சொல்லாததையெல்லாம் அந்தப் புத்தக அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து அவரிடம் கொட்டினேன். அவர் அறிவுரை சொல்லவில்லை. தம் முதல் நூலில் அட்டையிலேயே ஒற்றுப்பிழை விழுந்ததைச் சொன்னார். தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அவர் வழியாகத்தான் அந்த வட்டம் எனக்கு அறிமுகமாயிற்று. அரசுப் பள்ளி ஆசிரியர்கள், கதைசொல்லிகள், கன்னடத்திலும் தெலுங்கிலும் இருந்து மொழிபெயர்க்கிற எல்லைப்புறத்துக்காரர்கள், வீட்டு முன்னறையில் நூலகம் வைத்திருக்கும் ஒரு தையற்காரர் என்று இருபது பேர் இருப்பார்கள். எந்த அச்சகம் சொன்ன நாளில் தரும், யார் தாளைக் குறைத்துப் போடுவார் என்பதை மறைக்காமல் சொல்கிறார்கள். ஒருவர் அரங்கில் மற்றவர் நூலை வைத்து விற்றுக் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் கூடினால் விற்பனையைவிட வாசிப்பைப் பற்றித்தான் மிகுதியாகப் பேசுகிறார்கள். புதிதாக ஒருவர் எழுதிய கதையை முதலில் சுற்றுக்கு விடுவார்கள். ஆசிரியர்கள் அதை வகுப்பில் படித்துக் காட்டி, எந்த வரியில் பிள்ளைகள் நெளிந்தார்கள் என்று குறித்து அனுப்புவார்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனுக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டிருப்பதைக் காட்டி, என் கதையின் சொற்றொடர்கள் பற நிலையிலும் படங்கள் நுழை நிலையிலும் இருப்பதாக ஓர் ஆசிரியர் சொன்னார். அதைவிடத் துல்லியமான விமரிசனத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை. சிறுவயதில் சுற்றுத்தாளிலிருந்து இதழை உருவிப் படித்தபோது இருந்த மகிழ்ச்சி, இந்த வட்டத்தில் பிறர் கதையின் கையெழுத்துப் படியைப் படிக்கும்போது மறுபடியும் வந்தது. நான் எழுத வந்ததே படிக்கப் பிடித்ததால் என்பது அந்த ஓராண்டில் மறந்தே போயிருந்தது.

உரிமையை மீட்கப் பதினொரு மின்னஞ்சல்கள் எழுதினேன். தொலைபேசியில் எத்தனை முறை பேசினாலும் பயனில்லை. எழுத்தில் கேட்டால் ஒரு நாள் எழுத்தில் பதில் வந்தே தீரும். விடுவிப்புக் கடிதம் 2023 இறுதியில் கிடைத்தது.

இரண்டாம் நூலை வேறு விதமாகச் செய்தேன். ஓர் ஆடும் ஒரு தாத்தாவும் வரும் அந்தக் கதையை மூன்று பள்ளிகளில் படித்துக் காட்டினேன். ஒரு பையன் முடிவில் எழுந்து, ஆடு ராகியை எல்லாம் தின்றுவிட்டால் தாத்தா எதைக் கிளறிச் சாப்பிடுவார் என்று கேட்டான், முடிவை மாற்றினேன். 24 பக்கம், டெம்மி என்னும் சிறிய நூல் அளவு, நடுவில் பின் அடித்த கட்டு, உள்ளே கறுப்புக் கோட்டோவியம், அட்டைக்கு மட்டும் வண்ணம். நடுப்பின் கட்டுக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கவேண்டும் என்பதுகூட முதல் நூலின்போது எனக்குத் தெரியாது. பளபளப்புத் தாளை விட்டுவிட்டேன். வகுப்பறைக் குழல்விளக்கில் அது கண்ணைக் கூசச் செய்வதையும் பிள்ளைகள் நூலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதையும் கவனித்திருந்தேன். கோட்டோவியத்தில் இன்னொரு வசதி, பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொள்கிறார்கள். டிஜிட்டல் அச்சில் 150 படிகள் மட்டும், படிக்கு ரூ.34. ஓவியருக்கு ரூ.6,000, எழுத்து ஒப்பந்தத்துடன். விலை ரூ.60. ஏழு மாதத்தில் தீர்ந்தது. 90 நேரில், 60 கடைகளில் ரூ.45க்கு. அதிலும் ரூ.3,000 நட்டம்தான். ஆனால் ஓவியச் செலவு முதல் அச்சோடு முடிந்துவிட்டதால், இப்போது மறுஅச்சில் அது அடைபட்டு வருகிறது. சிறார் நூல் எழுதிச் சங்கிலி வாங்கலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். சங்கிலியை அடகு வைக்காமல் எழுதலாம்.

முதல் நூலில் எஞ்சியிருந்த 200 படிகளைப் பழைய தாளுக்குப் போட்டுவிட நினைத்தேன். எடைக்குப் போட விடமாட்டேன் என்று அந்த அம்மையார் தடுத்துவிட்டார். பதினேழு குமிழிகளுக்கும் சரியான வரிகளை ஒட்டுத்தாளில் அச்சிட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து 3,400 துண்டுகளை வெட்டி ஒட்டினோம். மதியத்துக்கு ராகிக் களியும் கீரைக் கடைசலும். என் கணவரும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். அன்றுதான் அவருக்கு முழுக் கணக்கும் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் வெட்டிக்கொண்டே இருந்தார். படங்களில் நெல்லை ராகியாக்க முடியவில்லை என்பதால், கடைசிப் பக்கத்தில் "இந்த நூலில் ஓவியர் செய்த தவறுகளைக் கண்டுபிடியுங்கள்" என்று ஓவியரின் சம்மதத்தோடு ஒரு சீட்டையும் ஒட்டினோம். அந்தப் படிகள் இப்போது மலையோரப் பள்ளிகளிலும் வீட்டு நூலகங்களிலும் இருக்கின்றன. போன மாதம் ஒரு பள்ளிக்குப் போனபோது என் நூலை எடுத்துப் பார்த்தேன். பாதிக் குமிழிகளில் ஒட்டுத்தாள் ஓரம் பிய்ந்திருந்தது. பசை சரியில்லையோ என்று கேட்டதற்கு ஆசிரியை சிரித்தார். அடியில் என்ன தப்பு எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பிள்ளைகள் நகத்தால் பெயர்த்துவிடுகிறார்களாம்.